ஒரு மடிக்கணினிக்கு மூன்று காவல்காரர்கள்

கட்டாரில் இருக்கும் மகள் இன்று மாலை கெமராவில் தன் குழந்தையை முதன்முதலாகக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் பழைய மடிக்கணினியோ மதியத்திலிருந்து திறந்துகொண்டே இருந்தது.

"இது தொறக்கிறதுக்குள்ள பேத்தி நடக்க ஆரம்பிச்சிருவா, பாருங்க" என்றாள் மனைவி.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். நாங்கள் ஒரு வேலையும் கொடுக்காமலே புரொசசர் நூறு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்கள்!

மனைவிக்கு விளக்கினேன். "மாணிக்கக் கல்லு தோண்டுற ஒரு குழிக்கு மூணு காவல்காரங்கள வச்சா என்னாகும்? கல்ல ஒளிச்சிருக்கானான்னு ஒருத்தன் மடிய ஒருத்தன் தடவிப் பாக்கவே நேரம் சரியாப் போயிரும். அதேதான் இங்கயும்."

"சரிங்க, மூணு பேர வச்ச மொதலாளி யாரு?"

அந்த மூவரில் இரண்டு பேரை உடனே வேலையிலிருந்து நிறுத்தினேன்.

மாலையில் பேத்தி எங்களைப் பார்த்துத் தெளிவாகக் கொட்டாவி விட்டாள். அவ்வளவு அழகு!

உங்கள் கணினியில் எத்தனை பேர் காவல் நிற்கிறார்கள்? முதலாளிமாரே, எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கும் துணை வேண்டும்.