அரை விரல் சாய்வு

கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் ஆட்டம் அடங்கும்வரை சவுரிராயன் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். நூலும் குழாயும் ஒன்றுபோல் நின்ற பிறகே இரத்தத்தை ஏற்றுவார். எட்டு வருஷமாக இதே சடங்கு. "இன்னா மேஸ்திரி, ரத்தத்துக்கு ஊடு கட்டுறியா?" என்று ஆயா லூர்துமேரி தினமும் கேட்பாள். அவரும் தினமும் புதிதாகக் கேட்பவர்போல் திரும்பிப் பார்ப்பார்.

விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்ப்பது அவர் வேலை. மூட்டு வீங்கிக் காய்ச்சலில் விழும் குழந்தைகளை, இருதயம் கெட்டுவிடக் கூடாதென்று டாக்டரம்மா மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடுவார். உள்ளே அழற்சி இருக்கும்வரை, குழாயில் இரத்தத்தின் சிவப்பு விரைவாகக் கீழே இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கோடு இறங்கியது என்று சவுரிராயன் சொல்வார். இருபதுக்குக் கீழே வந்தால்தான் குழந்தை கட்டிலை விட்டு இறங்கலாம்.

எட்டு வருஷத்துக்கு முன் பொன்னி என்ற ஒன்பது வயதுப் பெண் அங்கே படுத்திருந்தாள். விக்கிரவாண்டிப் பக்கம் கூலிவேலை செய்யும் முனியம்மாளின் மகள். வீக்கம் வற்றிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு கேட்டு அழுகிறாள். வெள்ளிதோறும் பார்க்கும் கோட்டுக் கணக்கு மட்டும் இருபதுக்குக் கீழே வரவில்லை. நிலக்கடலை பிடுங்கும் பருவம் அது; நான்காவது வெள்ளிக்கிழமை முனியம்மாள் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஏழெட்டுக் கோடுதானுங்களே ஐயா. கொறச்சி எழுதினா ஆருக்குத் தெரியப் போவுது? மல்லாட்டை புடுங்க ஆரமிச்சிட்டாங்க. நான் போவலன்னா என் எடத்துல வேற ஆளு நின்னுக்கும்."

"நான் எங்கம்மா எழுதறேன்? ரத்தம் எழுதுது. நான் பாத்துச் சொல்றேன், அவ்ளோதான்."

இந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலைக்குள் லூர்துமேரியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளி, புது வார்டு கட்ட வந்த கொத்தனார் சுப்பராயலு, நசுங்கிய விரலுக்குக் கட்டுப்போட வந்தவர், ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார். "இன்னாய்யா, உன் குழாயி சாஞ்சிக்கினு நிக்குது?" மடியிலிருந்த குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். அரை விரல் சாய்வு. பாண்டிச்சேரி வண்டி போகும்போதெல்லாம் மேஜை அதிர்கிறது, கணக்குப் பிசகக் கூடாது என்று ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு காலுக்கடியில் மரச்சில்லு செருகியிருந்தார் சவுரிராயன். சாய்ந்த குழாயில் சிவப்பு சறுக்கிக்கொண்டு இறங்கும் என்பது அவர் படித்த பாடம்தான்.

சில்லை உருவிவிட்டுப் பொன்னியின் இரத்தத்தை மறுபடி ஏற்றினார். சாய்வில் இருபத்தேழு காட்டிய இரத்தம், குழாய் நேராக நின்றதும் பதினேழு காட்டியது. ஐந்து வெள்ளிக்கிழமைகளில் எத்தனை வீண் என்று இனி எந்தக் குழாயும் சொல்லாது.

டாக்டரம்மாவிடம் பதினேழை மட்டும் சொன்னார். மருந்து வேலை செய்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். முனியம்மாளின் இடத்தில் அதற்குள் வேறு ஆள் நின்றுவிட்டது. பிறகு வந்த வருஷங்களிலும் அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு பருவத்திலும், பிறர் பிடுங்கி முடித்த கொல்லைக்காட்டில் பொறுக்கிய மல்லாட்டையில் ஒரு படி கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைக்கிறாள். இந்த வருஷம் பொன்னியும் கூட வந்தாள். தாயைவிட உயரம்.

"அன்னிக்கி நான் கெஞ்சியும் எறங்காம கண்டிசனா இருந்தாரு. அதான் எம்பொண்ணு நடக்குது," என்று வரிசையில் நிற்பவர்களிடம் முனியம்மாள் சொன்னாள். பிறகு குண்டைப் பார்த்து, "இத எதுக்குங்க தொங்க வுட்டுக்கினு இருக்கீங்க?" என்றாள்.

சவுரிராயன் நூலைப் பிடித்தார். சொல்லத் தொடங்குபவர்போல் தொண்டையைக் கனைத்தார். "சாயக் கூடாதுன்னுதாம்மா" என்றார்.

அவர்கள் போன பின் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். இரண்டு பருப்பையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவற்றைத் தோட்டுக்குள்ளேயே திருப்பி வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தி மூடினார்.