மிட்டாதார் ஓட்டுக் கேட்டது

எங்கள் அப்பா நாமக்கல்லில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதியவர். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் யாராவது ஒருவர் எழுந்து, சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு, "மிட்டாதாருங்க, உக்காருங்க" என்பார். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் முன்னோர் சில ஊர்களுக்கு வரி வசூலித்துக் கட்டும் மிட்டாதார்களாக இருந்தார்கள். சட்டம் வந்து மிட்டா போனது, பிறகு நிலமும் கைமாறிப் போனது, பட்டம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. வாங்க ஆள் கிடைத்திருந்தால் அம்மா அதையும் விற்றிருப்பாள்.

அப்பாவுக்கு அந்த மரியாதை என்றால் கூச்சம். அதற்குப் பயந்தே பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் ஒளிந்து நின்று வருவார். அப்படிப்பட்டவர், கடை வேலையை விட்டதும், பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றபோது அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தப் பேரு நான் சம்பாரிச்சதில்ல. ஒண்ணாச்சும் நானாச் சம்பாரிக்கோணும்" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

ஊர் இளைஞர்கள் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சிங்காசனம், கிரீடம், இரண்டு பக்கமும் சிங்கம். நடுவில் ஆதார் அட்டைப் படத்திலிருந்து வெட்டி ஒட்டிய அப்பாவின் தலை, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல முழித்துக்கொண்டிருந்தது. 'மிட்டாதார் பரம்பரையின் மணிமகுடமே' என்று மேலே எழுதியிருந்தார்கள்.

"பேரை மட்டும் போட்டிருந்தாப் போதுமே" என்று அப்பா இழுத்தார்.

"உங்க பேரு யாருக்குங்க தெரியும்?" என்றார்கள். அது உண்மைதான்.

ஓட்டுக் கேட்க நானும் கூடப் போனேன். அப்பா கை கூப்புவதற்குள் எதிரில் இருப்பவர்கள் கும்பிட்டுவிடுவார்கள். நாற்காலி வரும், காபி வரும். "ஓட்டு..." என்று அப்பா தொடங்கினால், "நீங்க வந்து கேக்கோணுமுங்களா? நாங்க பாத்துக்கறமுங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். சாக்கடை, குழாய், தெருவிளக்கு என்று ஒரு வீட்டிலும் ஒரு குறை சொல்லவில்லை. எதிர்த்து நின்றவர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தவர். அவரைத் தெருமுனையில் மடக்கிப் பெண்கள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாம் ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்பா தோற்றார். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத தோல்வி.

மறுநாள் பக்கத்துத் தெருவில் தறி ஓட்டும் அக்கா வந்து மூக்கைச் சிந்தி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரே அழுவுது. அப்புறம் ஓட்டை யாருக்குப் போட்டீங்க?" என்றேன்.

"கோவிச்சுக்காத சாமி. தலைவருன்னா, தண்ணி வரலீன்னா நடுரோட்டுல நிறுத்தி நாலு வார்த்தை கேக்கோணும். நம்ம மிட்டாதார அப்படிக் கேக்க எங்களுக்கு வாய் வருமா, சொல்லு?"

அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கும் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. தூக்கி உயரத்தில் வைத்தவர்களுக்கு, கைக்கு எட்டுகிற ஆள் வேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் குழாய் உடைந்து, ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது. அம்மாவுக்கு இடுப்புப் பிடித்திருந்ததால் அப்பாவே குடத்தோடு போனார். வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"என்னைத் திட்டிப்போட்டா" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் வழக்கம்போல ஒதுங்க, இவரும் ஏதோ யோசனையில் முன்னால் போய்விட்டாராம். அந்தத் தறிக்கார அக்கா கத்திவிட்டாளாம்.

"பாவம், ஆள் தெரியாமக் கத்தியிருப்பா" என்றாள் அம்மா.

"தெரியாம என்ன? 'மிட்டாதாருன்னா வரிசை கெடையாதுங்களா, பின்னால போய் நில்லுங்க'ன்னு கத்துனா."

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இரங்கல் ஃபிளெக்ஸிலும் அதே கிரீடத்தைத்தான் போட்டார்கள். நான் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருப்பது அன்றைக்கு நனைந்த சட்டையோடு வாசலில் நின்ற அப்பாதான். குடத்தை அம்மா கையில் கொடுக்காமல் அவரே அடுப்படிவரை கொண்டுபோய் இறக்கினார்.

"கடைசி ஆளா நின்னு நானாப் புடிச்ச தண்ணி. இதுல காப்பி வெய்யி" என்றார்.