இடக்கையால் எழுதிய கடிதங்கள்

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது என் வலது கையிலிருந்த பை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். கை அசையவில்லை. “என்னண்ணை, ஏலாமல் கிடக்கோ?” என்று மரக்கறி விற்கும் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. நான் குடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பக்கத்தில் நின்றவர் விலகிப்போனார். அவள் மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “வாய் கோணுது, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!” என்று கத்தினாள்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

“மூளையின்ரை இடப்பக்கத்துக்குப் போற இரத்தக்குழாய் ஒண்டு அடைச்சிருக்கு. நேரத்தோடை கொண்டந்தபடியால் தப்பியிட்டார். கையும் கதையும் திரும்ப நாளெடுக்கும்” என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் என் அக்காவிடம் சொன்னார். பக்கவாதம் எனக்குத் தெரிந்த சொல். பேச்சிழப்பு (மற்றவர் சொல்வது விளங்கும், நாம் நினைப்பது சொல்லாக வராது) அன்றுதான் அறிமுகமானது.

கொக்குவில் வீட்டில் நானும் அக்காவும் மட்டுந்தான். அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வயதில் நான் இயக்கத்துக்குப் போனேன். அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு வீட்டில் அக்கா தனியே இருந்தார். போர் முடிந்து, தடுப்பு முகாமிலிருந்து நான் வெளியே வந்த நாளில் வாசலில் நின்றவரும் அவர்தான்.

வீடு திரும்பிய முதல் மாதம் நான் எதற்கும் ஒத்துழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர்கள் இடது கையால் எழுதிப் பழகச் சொல்லிப் பென்சில் தந்தார்கள். தட்டிவிட்டேன். ஐம்பது வயதில் அரிச்சுவடியா என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தைச் சொல்லக்கூட வார்த்தை இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண் ஒருநாள் அக்காவிடம் கேட்டாள். “அம்மா, இவருக்கு நல்லாப் பழகின எழுத்து ஏதும் வீட்டிலை இருக்கோ? தேவாரம், கடிதம், எதெண்டாலும் பரவாயில்லை.”

அக்கா உள்ளே போய் ஏழெட்டுப் பழைய கொப்பிகளைக் கொண்டுவந்தார். அவர் படிப்பித்த காலத்துப் பாடக்குறிப்புகள். பழுப்புத்தாள் உறைகளைக் கத்தரியால் மெல்லப் பிரித்தார். ஒவ்வோர் உறைக்கும் அட்டைக்கும் இடையில், வன்னியிலிருந்து நான் எழுதிய கடிதங்கள் இருந்தன.

அவற்றை அவர் எப்போதோ எரித்திருப்பார் என்று நான் நம்பியிருந்தேன். இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த ஊரில், இயக்கப் பெடியனின் கடிதம் வீட்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். “ஒருக்கால் சுற்றிவளைப்பிலை கொப்பி முழுக்கப் புரட்டிப் பாத்தவங்கள். உறையைக் கழட்டேல்லை” என்றார் அக்கா, மழை விட்டதைச் சொல்வதுபோல. போர்முனையில் துவக்கோடு நின்ற என்னைவிட, கொப்பியோடு நின்ற அவருக்குத்தான் துணிவு அதிகம்.

அக்கா வாசிக்கத் தொடங்கினார். “அன்பின் அக்காவுக்கு, நான் நலம். உங்கள்...”

“நலம் அறிய ஆவல்” என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒன்றரை மாதத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவை. நெடுநாள் பழகிய தொடர்கள் சிலருக்கு அப்படியே மிஞ்சியிருக்கும் என்று அந்தப் பெண் விளக்கினாள். அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை எடுத்தார்.

அதன் எழுத்துகள் கோணிக்கிடந்தன. ஓடும் உழவு இயந்திரத்தில் இருந்துகொண்டு எழுதுவதால் கை ஆடுகிறது என்று எழுதியிருந்தேன். பொய். வலது மணிக்கட்டில் ஷெல் துண்டு ஏறியிருந்தது. மூன்று மாதம் இடது கையால்தான் எழுதினேன். அக்கா பயப்படக்கூடாது என்று மறைத்தேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார் அக்கா. “எத்தினை பிள்ளையளின்ரை கொப்பி திருத்தினனான்? இடக்கை எழுத்துத் தெரியாதே? கேட்டால் நீ அந்தரப்படுவாய் எண்டு கேக்கேல்லை. உனக்கு எவ்வளவு கஷ்டமெண்டு பாக்க, பதிலை நானும் இடக்கையாலைதான் எழுதினனான். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போச்சுது.”

அந்தப் பதில் எனக்கு நினைவிருந்தது. கிறுக்கலைப் பார்த்து, அவசரத்தில் எழுதியிருக்கிறாரே என்று அன்று நான் சினந்தேன். கடைசி இடப்பெயர்வில் மற்றக் கடிதங்களோடு அதுவும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்தேன்.

பயிற்சிப் பெண் என் பழைய கடிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். “ஐயா, இந்தக் கை ஒருக்கால் பழகின கை. திரும்பப் பழகும்.”

அன்று பின்னேரம் நானாகவே பென்சிலைக் கைகாட்டிக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் ‘அ’ மட்டும். ஒரு மாதத்தில் அந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தெழுதினேன். எழுதிய சொல்லை உரக்க வாசிக்க வாசிக்கப் பேச்சும் ஒவ்வொன்றாய் வந்தது. சில நாள் வந்தது மறுநாள் போனது. அப்படிப் போவதும் வழமைதான், மனம் விடாதீர்கள்.

இப்போது எட்டு மாதமாகிறது. வலது கை கோப்பையைப் பிடிக்கும், பேனையைப் பிடிக்காது. இந்தக் கட்டுரையை இடது கையால் பதினொரு நாளில் எழுதினேன். சட்டைப் பொத்தான் பூட்டுவது ஒரு வேலை, படியிறங்குவது ஒரு வேலை. முன்பு என் உடல் எனக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் செய்து முடித்தது. இப்போது ஒவ்வொன்றையும் அதனிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறேன். அதனால் ஒரு நாள் மிக நீளமாகிவிட்டது. அது குறையென்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை.

நேற்றுக் காலை அக்காவிடம் ஒன்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் சொல் நின்றுவிட்டது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கொழும்பு ரயில் கூவிக்கொண்டு போய் அடங்கியது. அவர் சொல்லை எடுத்துத் தரவில்லை, முகத்தையும் திருப்பவில்லை.

“ஆறுதலாச் சொல்லு” என்றார். “நான் இஞ்சைதானே இருக்கிறன்.”