தண்ணீர்ப் பக்கத்தால் வந்தவர்

“தம்பி, அம்மாவின்ரை பார்சல் சந்திக் கடையிலை கிடக்கு. வந்து எடுங்கோ.”

“அதை மலரக்கா வள்ளத்திலை கொண்டு வருவா அண்ணை.”

போனில் கூரியர்க்காரரின் குரல் இறங்கியது. “மலரக்கா முந்தநாள் நெஞ்சுவருத்தத்திலை காலமாயிட்டா தம்பி. தெரியாதோ?”

தெரியாது. அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போனால் வீட்டில் நானும் நாலு சுவரும்தான். ஊர்ச் செய்தியை எங்களுக்குக் கொண்டு வருகிறவரே மலரக்காதான்.

கரைவீட்டுக்காரரே, உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மாரியில் எங்கள் ஒழுங்கைகள் தண்ணீருக்குள் போக, கூரியர் மோட்டார்சைக்கிள் சந்தியோடு திரும்பிவிடும். அங்கிருந்து பெட்டிகளை வள்ளத்தில் ஏற்றி ஒவ்வொரு பின்வளவுக்கும் கொண்டுவந்தவர் அவர். கைபேசி இருந்தும் வாய்பேசியையே நம்பினார். ஆற்று நடுவில் எழும்பி நின்று, பெட்டியில் உள்ள பெயரைக் கத்துவார். தொண்டைமானாற்றின் தொண்டை அவருடையதுதான்.

அந்தத் தொண்டைக்காகவே ஒருமுறை, கத்தினால் ‘வருகிறேன்’ என்று கேட்கும்படி, ‘க. வாறன்’ என்ற பெயரில் ஒரு பேனைப்பெட்டிக்கு ஓடர் போட்டேன். அவர் எழும்பி நின்று “வாறன்! வாறன்!” என்று கூப்பிட, கரையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள், “வாவன்! ஆர் மறிச்சது?” என்றார்கள். அவர் பெட்டியைத் திரும்ப வாசித்தார். பிறகு வள்ளம் ஆட ஆடச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பெட்டி இல்லாத நாளிலும் எங்கள் வளவைக் கடக்கும்போது, “டேய் வாறன், சாப்பிட்டியோ?” என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் என்னை ஒருவர் கூப்பிடுவது அந்த ஒருமுறைதான்.

“ரோட்டாலை வாறவைக்கு வாசல்படலைதான் தெரியும். தண்ணியாலை வாற எனக்கு வீடு தெரியும்” என்பார். உண்மைதான், நாங்கள் கூட்டிப் பெருக்கி வைப்பது முன்பக்கத்தை மட்டும். எங்கள் கொடியில் ஒரே பள்ளிச் சட்டை மூன்று நாள் மழையில் கிடந்ததைக் கண்டு, “அம்மாக்குத் தொடர்ந்து வேலையோடா?” என்று கேட்டவர் அவர் ஒருவரே.

அதற்குப் பிறகு நான் செய்தது பகிடி அல்ல. அவர் வரவேண்டும் என்பதற்காகவே ஓடர் போட்டேன். வந்ததும் வேண்டாமென்று திருப்பினேன். வாடைக்காற்று எதிர்த்து அடித்த ஒரு பின்னேரம், பெட்டியைத் தன் மழைக்கோட்டால் சுற்றிவிட்டு, தான் நனைந்து வந்தார்.

“வேண்டாம் அக்கா. திருப்பி அனுப்புங்கோ.”

“உண்மையைச் சொல்லு. வேண்டாமெண்டது பெட்டியையோ, என்னையோ?”

“பெட்டியை.”

“அப்ப இனிமேல் பெட்டியில்லாமல் கூப்பிடு.”

வெட்கத்தில் நான் அதற்குப் பிறகு ஓடரும் போடவில்லை, கூப்பிடவும் இல்லை. வள்ளச் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவேன். வெளியே அவர் கூப்பிடுவது கேட்கும். பிறகு கேட்காது.

செத்தவீட்டுச் சனம் கலைந்தபின், நேற்று அவருடைய வீட்டுக்குப் போனேன். பெட்டியில்லாமல் ஒருவரிடம் போகலாம் என்பதுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. அவரிடமே அதைச் செய்யப் பிந்திவிட்டேன்.

அவர் கணவர் தனியே இருந்தார். “என்ன தம்பி, பார்சல் விசயமோ?”

“இல்லை அண்ணை. சும்மா வந்தனான்.”

அவர் கதிரையில் கிடந்த வலையைத் தூக்கி நிலத்தில் வைத்து, என்னை இருக்கச் சொன்னார். அடுப்படிக்குள் போனார். தகர டின்களைத் திறந்து மூடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

“தம்பி, வெறுந் தேத்தண்ணிதான். சீனியை அவள் எங்கை வைச்சவள் எண்டு தெரியேல்லை.”