லேபிள் இல்லாத இசைத்தட்டு

நேற்று மாலை இஸ்திரிப் பெட்டியைச் செருகியபோது பிளக் பாயிண்டிலிருந்து அந்த நெடி வந்தது. கருகிய பிளாஸ்டிக்கோடு கொஞ்சம் மீன் வாடையும் கலந்தாற்போல இருக்கும். வளைகுடாவில் பெட் ஸ்பேஸில், அதாவது ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து, காலம் தள்ளியவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். நியாயமாக நான் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஏசி ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அறைத்தோழி நெலியா ஏற்றிவிட்ட பயம் அது, இன்னும் இறங்கவில்லை.

அப்போது முசஃபா தொழிற்பேட்டைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வில்லாவில் இருந்தோம். பலகை அடித்து அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்கள் அறையில் மூன்று பேர். மலைநாட்டு ஹட்டன் பக்கமிருந்து போய், ஒரு கராஜ் ஆபீஸில் தேநீர் போட்டுக்கொண்டு, மீதி நேரம் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த நான். ஊருக்கு மட்டும் 'ஆபீஸ் வேலை' என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்து மாலினி அக்கா, ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். மூன்றாவது நெலியா, பிலிப்பைன்ஸ்காரி, கிளினிக் ரிசெப்ஷனில் டியூட்டி. அவர்கள் மொழியில் அக்காவை ஆத்தே என்பார்கள். நெலியாவை நானும் ஆத்தே என்றே கூப்பிட்டேன்.

ஆத்தேயின் கட்டிலுக்கடியில் கம்பளி சுற்றிய ஒரு பெட்டி இருந்தது. உள்ளே அவர்கள் நாட்டுப் பாட்டுகள் பதிந்த இசைத்தட்டுகள். ஏறக்குறைய நூறு வருஷப் பழசு, அரக்கில் செய்தவை, கறுப்பாய், கனமாய் இருக்கும். உலகப் போரில் மணிலா எரிந்தபோது பெரும்பாலானவை போய்விட்டனவாம். மிச்சத்தை லீவுக்குப் போகும்போதெல்லாம் தேடிப் பிடித்து வந்திருந்தாள். ஊரிலேயே வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ஹோம், எவ்ரி இயர் வாட்டர், சிஸ்டர். இங்கே வாட்டர் மாஃபி" என்றாள். ஆங்கிலத்தோடு எங்களிடம் பொறுக்கிய தமிழையும் கலந்துதான் பேசுவாள்; மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'.

மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வருமாம். தண்ணீருக்குப் பயந்து பாலைவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இங்கே வெயில் இருந்தது. அரக்குத் தட்டு சூடு தாங்காது, வளைந்துவிடும். அதனால் எங்கள் ஏசி இராப்பகலாக ஓடியது. நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினோம்.

"உந்தக் குளிருக்க மனுசர் படுக்கேலுமே? இது அறையோ, மீன் பெட்டியோ?" என்று மாலினி அக்கா தினமும் கத்துவார்.

எல்லாத் தட்டுக்காகவும் ஆத்தே பயப்படவில்லை. ஒன்றே ஒன்றுக்காகத்தான். அதன் லேபிளில் அவளுடைய அம்மாவின் பெரியம்மா பெயர் இருந்தது. அம்மாவை வளர்த்ததே அந்தப் பெரியம்மாதான். அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. அம்மாவுக்கோ காது மங்கிக்கொண்டே வந்தது. முழுதும் அடைபடுவதற்குள் அந்தக் குரலை ஒருமுறை கேட்கவைத்துவிட வேண்டும் என்பதுதான் ஆத்தேயின் தவிப்பு. லீவு தள்ளித் தள்ளிப் போனது. ஊசி பட்டால் தேயும் என்று அந்தத் தட்டை எங்களுக்குப் போட்டே காட்டவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவள் தன் பிளேயரில் போட்டதெல்லாம் லேபிள் கிழிந்துபோன வேறொன்று. பெயரில்லாதது, தேய்ந்தால் கவலையில்லை. ஒரு பெண் கனத்த குரலில் பாடுவாள். வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் பட்டென்று வெட்டிவிடுவாள். மொழி புரியாவிட்டாலும் மாலினி அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று.

"கோவக்காரி போல. கதவடிச்சுப் போட்டுப் போற மாதிரியெல்லே பாடுறாள்" என்பார்.

அந்தக் கோடையில் வீட்டில் என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் யாராவது இஸ்திரி போட்டால் எங்கள் விளக்கு மங்கும். பிளக் பாயிண்டைத் தொட்டால் கை சுடும். அந்த மீன் நெடி சுவருக்குள்ளிருந்து வரும். இரண்டு தெரு தள்ளி, இப்படித் தடுத்து விட்டிருந்த ஒரு வில்லாவை முனிசிபாலிட்டிக்காரர்கள் காலி செய்தார்கள், மெத்தைகள் நடைபாதையில் கிடந்தன. அடுத்த வாரம் பக்கத்துத் தெரு. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து திரும்பும்போது எங்கள் கேட்டில் காலி செய்யச் சொல்லும் தாள் ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

ஒருநாள் ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் கரண்ட் போனது. ஏசி நின்றதும் வீடு முழுக்க ஒரு அமைதி. அன்று பயந்ததுபோல் நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. பலகைச் சுவர்களுக்குள் வெப்பம் ஏறத் தொடங்கியது. ஆத்தே பெட்டியைத் திறந்து பெரியம்மா தட்டை மட்டும் எடுத்து, சால்வையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐ கோ மால். ஏசி மால். நைட் வரைக்கும் சிட்டிங்" என்றாள்.

மற்றவை கனம், சுமக்க முடியாது. பெட்டியை எங்கள் சாமான்களோடு வாடகை வேனில் ஏற்றச் சொன்னாள். அப்போது மாலினி அக்கா அந்த லேபிள் இல்லாததை உருவி அவள் கையில் கொடுத்தார்.

"இதையும் கொண்டுபோங்கோவன். இதொண்டும் பாரமில்லையே."

அவர் தமிழில் சொன்னதே ஆத்தேக்கு விளங்கிவிட்டது. தலையாட்டி மறுத்தாள். இரண்டும் ஒன்றோடொன்று உரசுமாம். "நோ நேம், சிஸ்டர். நோ ப்ராப்ளம்" என்று பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தாள்.

இடம் தேடி நாங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். வேன் பகல் முழுக்க வெயிலில் நின்றது. சாயங்காலம் பெட்டியைத் திறந்தால், பொரித்த அப்பளம் மாதிரி எல்லாம் நெளிந்து கிடந்தன. மாலுக்குப் போய் ஆத்தேயிடம் சொன்னோம். அவள் சால்வையைத் தடவிக்கொண்டு, "கலாஸ், ஃபினிஷ். திஸ் ஒன் சேஃப்" என்றாள். பெட்டியைக் குப்பைத் தொட்டியோரம் வைத்துவிட்டு வந்தோம்.

கடைசியில் லீவு கிடைத்து ஊருக்குப் போனாள். அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா பிளேயரில் காதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய குரல் ஒன்று கடைசிச் சொல்லை நெடுநேரம் இழுத்து இழுத்துப் பாடியது. பாட்டு முடிந்ததும் அம்மா ஏதோ சொல்லித் தலையாட்டினார். ஆத்தே சிரிக்கப் பார்த்தாள்.

"அம்மா சே, நாட் ஹெர். அந்தக் காலத்தில் லேபிள் மாறி ஒட்டுவாங்களாம். ஹெர் ஆன்ட்டி, பிக் வாய்ஸ். லாஸ்ட் வேர்ட்..." என்று சொல்லிக் கையால் காற்றை வெட்டிக் காட்டினாள்.

காட்டிய கை அப்படியே நின்றது. நான் மாலினி அக்காவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நோ லேபிள் ஒன், வேர்?" என்றாள் ஆத்தே.

கால் முடிந்ததும் நான் போனில் பழைய வீடியோக்களைத் தேடத் தொடங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ கிடந்தது. மாலினி அக்கா குளிருக்குக் கத்துவதை வேடிக்கைக்காக எடுத்தது. பின்னால், அக்காவின் சத்தத்துக்குள் மங்கலாக அந்தப் பாட்டு ஓடும். அனுப்பிவைத்தேன். ஆத்தே அதை அம்மாவின் காதுக்குள்ளேயே வைத்தாளாம். அம்மா கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, "யார் இந்தப் பெண், ஏன் சண்டை போடுகிறாள்?" என்றாராம்.

அடுத்த மழைக்குள் அவருக்குக் காது முற்றாக அடைத்துவிட்டது. வில்லா இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மாலினி அக்கா தம்பியிடம் கனடாவுக்குப் போய்விட்டார், அங்கே குளிரைப் பற்றி என்ன சொல்கிறாரோ தெரியவில்லை. அந்தக் குரல்தானா என்று சொல்லக்கூடியவர் இனி ஒருவரும் இல்லை. ஆனாலும் மழைக்காலம் வந்தால் ஆத்தேயிடமிருந்து ஒரு மெசேஜ் வரும்.

"சிஸ்டர், லாங் வீடியோ மாஃபி?"

போனை மறுபடி முழுக்கத் தேடிவிட்டு, மாஃபி என்று அனுப்புவேன்.