ஒரு சாண் கூடிப்போன பெட்டி

என் தம்பிக்குச் செய்த பெட்டி ஒரு சாண் நீளமாகப் போய்விட்டது. செய்தவர் எங்கள் அப்பா, நைனாவேதான். பெரம்பூர் ரயில் பெட்டிப் பட்டறையில் பதினைந்து வருஷமாக இழைப்புளி பிடித்த தச்சர். ஒரு நூல் பிசகினாலும் பலகையைத் தூக்கி எறிகிற மனுஷர். அறுபதுகளின் கடைசி அது. ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது.

தம்பிக்கு நாலு. மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. நாலாம் நாள் காலையில், "இன்னிக்கு வேலைக்குப் போவாதய்யா, புள்ள மூஞ்சே சரியில்ல" என்று அம்மா சொன்னாள். "பாதி நாள்ல வந்துடறேம்மே" என்று சொல்லிவிட்டு நைனா சைக்கிளை எடுத்தார். பதினோரு மணிக்கு ஜன்னி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா வருவதற்குள் அம்மா மடியிலேயே போய்விட்டான். ஆள் போய்ச் சொல்லி நைனா ஓடி வந்தபோது அவனைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அம்மா அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சாயந்திரமும் பேசவில்லை, மறுநாள் காலையும் பேசவில்லை. தம்பிதான் போய்விட்டான், இவர்கள் இரண்டு பேரும் இனிமேல் பேசிக்கொள்ளவே மாட்டார்களோ என்று பயந்தேன்.

பெட்டியை வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னதற்கு நைனா ஒப்பவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சரக்குப் பெட்டிப் பலகைகள் கொண்டுவந்து போட்டார். நைனா விடிந்ததும் சந்திலேயே உட்கார்ந்து, பலகை மேல் அச்சடித்திருந்த கப்பல் எழுத்துகள் போகும்வரை இழைத்தார். உள்ளே வெள்ளைக் காடாத் துணி ஒட்டினார். யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "அவன் சம்மனசு ஆயிட்டான், அழக்கூடாது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்மனசாவது, தேவதூதனாவது! என் சிலேட்டை உடைத்துவிட்டு, பூனை உடைத்தது என்று கூசாமல் சொன்னவன் அவன். எனக்கு அவன் அப்படியேதான் வேண்டியிருந்தான்.

மூன்று மணிக்கு அவனைப் பெட்டியில் கிடத்தினார்கள். தலைமாட்டில் சரியாக இருந்தது. கால்மாட்டில் ஒரு சாண் வெறுமனே கிடந்தது. அத்தை தலைமாட்டுப் பக்கத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அவன் அப்படியே கீழே வழுக்கிப் போனான். தலையில் வைத்திருந்த பூமுடி கழன்று விழுந்தது.

அத்தை நைனாவுக்கு அக்கா. காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவள் கிசுகிசுத்தாலே சந்து முனைவரை கேட்கும். "இன்னாடா இது, அளவு எடுக்கலியா?" என்றாள்.

"நாடாவ எப்டிக்கா அவன் மேல வெப்பேன்? கண்ணாலதான் பாத்தேன்."

அந்தக் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். எங்களுக்கு எதையுமே அவர் சரியான அளவில் வாங்கியது கிடையாது. வளர்கிற பிள்ளை என்று சொல்லி முழங்கால்வரை தொங்குகிற சட்டை வாங்குவார். செருப்புக்குள் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும். பழக்கதோஷம், அடுத்த வருஷத்துத் தம்பிக்கும் சேர்த்து அறுத்துவிட்டார்.

"பிரிச்சி அறுத்துடறேன்" என்று நைனா ரம்பத்தைத் தேடினார்.

"நாலு மணிக்கு மாதா கோயில்ல பூசைடா. சாமியாரு காத்துக்கினு இருப்பாரு. பழைய பேப்பர சுருட்டி வெச்சா தீந்துச்சு."

அம்மா பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பேப்பர்லாம் வேணாம் அண்ணி. சந்து பூரா குண்டும் குழியுமா கீது. தூக்கிக்கினு போவ சொல்ல இடிச்சிக்குவான்." பிறகு நைனா பக்கம் திரும்பினாள். "யோவ், சட்டையக் கழட்டு."

ஒரு நாளைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. முந்தின நாள் பட்டறையிலிருந்து ஓடி வந்தபோது போட்டிருந்த காக்கிச் சட்டைதான் அது. எண்ணெயும் மரத்தூளுமாக நாறியது. அம்மா அதை இறுக்கிச் சுருட்டிக் கால்மாட்டில் திணித்தாள். தம்பியின் குதிகால் இரண்டையும் அதன் மேல் ஊன்றி வைத்தாள். தினமும் நைனாவின் வயிற்றில் காலை ஊன்றிக்கொண்டுதான் அவன் தூங்குவான்.

"நேத்து இல்லாம பூட்ட. இனிமேலாவது அவன்கூட இரு" என்றாள்.

வெறும் பனியனோடு நின்ற நைனா குலுங்கிக் குலுங்கி அழுதார். அழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொருவராக முத்தம் கொடுத்தோம். நான் அவன் காதில், "சிலேட்ட பூனதான்டா ஒடச்சிது" என்றேன். மூடியை வைத்தார்கள். நைனா சுத்தியலை எடுத்தார். ஆணி நிற்காமல் இரண்டு தரம் நழுவி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுத்தியலுக்குக் கையை நீட்டினார். அம்மா அவரைத் தடுத்துவிட்டு, கீழே கிடந்த ஆணியை எடுத்து மூடி மேல் நேராக நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"கையி ஒதறுதுமே. வெரல்ல பட்டுடும்."

"பட்டா படட்டும். நீ அடி."

நைனா அடித்தார். ஆறு ஆணியும் இறங்கி முடிகிறவரை அம்மா விரலை எடுக்கவில்லை.