மஞ்சள் ஓரம் இல்லாத மூன்று கன்றுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கலைச்செல்வியிடம் ஒரு கொலையை ஒப்புக்கொண்டேன். பதறாதீர்கள்... செத்தது ஒரு செடி!

கலை, அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டானாள். எங்கள் பெரம்பலூர் தெருவுக்கே சந்தோஷம். பிரசவத்துக்கு ஆண்டிமடத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

பாம்புச்செடி. கத்தி மாதிரி நிமிர்ந்த இலைகள், இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. டீச்சர் டிரெயினிங் முடிந்தபோது ஹாஸ்டல் தோழி கொடுத்ததாம். குழந்தை இல்லாத அத்தனை வருஷமும் தினம் ஈரத்துணியால் அதன் இலைகளைத் துடைத்துவிடுவாள்.

"அவருக்குச் செடின்னா ஆகாதுக்கா. நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன்... கொஞ்சம் அதிகமாகவே! காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. போதாததற்கு ஐப்பசி மழை வேறு. ஒருநாள் இலையைத் தொட்டேன். அடியோடு கையில் வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் கிழங்கெல்லாம் கூழ். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

ஒரே ஒரு இலையில் மேல்பாதி மட்டும் கெட்டியாக இருந்தது. அதை நாலு விரல் அளவுக்கு ஐந்து துண்டாக வெட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, ஆற்று மணலில் செருகினேன். இரண்டு துண்டு அழுகிப்போனது. அவசரத்தில் தலைகீழாக நட்டிருக்கிறேன்!

மிச்சம் மூன்றும் அசையவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம்... இதற்கிடையில் ஆண்டிமடத்திலிருந்து போன் வந்தது. ஆண் குழந்தை! இனிப்பு சாப்பிட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தால் முளையைக் காணோம்.

மூன்றாம் மாதம் மணலைப் பிளந்துகொண்டு ஒரு முளை. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவதும். நான் சமையலறை வரைக்கும் குதித்துக்கொண்டே ஓடினேன். என் வயசுக்கு அது பெரிய தூரம்.

ஆனால், இலை விரிந்தால் முழுப் பச்சை. மஞ்சள் கரை நூலளவும் இல்லை.

திருச்சிக்குப் போனபோது ஒரு நர்சரியில் விசாரித்தேன். "இலையை வெட்டி வெச்சா பச்சையாத்தாம்மா வரும். மஞ்சக் கரை வேணும்னா கிழங்கோட பிரிச்சு வெக்கணும்" என்றார் அங்கிருந்த பெரியவர். எந்தக் கிழங்கைப் பிரிக்க?

கூட வந்த என் வீட்டுக்காரர் காதோரமாகச் சொன்னார்: "மஞ்சக் கரை போட்டதா ஒண்ணு வாங்கி அந்தத் தொட்டியில வெச்சுடு. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

வாங்கிவிட்டேன். ஆமாம், வாங்கியே விட்டேன்.

போன ஞாயிறு கலை குழந்தையோடு வந்து இறங்கினாள். தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு கருத்து. "மூக்கு அப்பா மூக்கு." "நிறமும் அப்பா நிறந்தான்." ஒரு அம்மாள் முடிவாகவே சொல்லிவிட்டார்: "உன் ஜாடை துளிகூட இல்லியேம்மா!"

கலை சிரித்தாள். "இல்லாட்டி என்னங்க? பத்து மாசம் சொமந்தவ நானு."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் போனேன். இரண்டு தொட்டிகள். நான் பச்சையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"கலை... உன் செடியைக் கொன்னுட்டேன்மா. இது அதோட இலையிலேருந்து வந்தது."

அவளுக்குக் கண் கலங்கியது. "கரை போட்டது ஒண்ணு உங்க வூட்டு ஜன்னல்ல தெரியுதே?" என்றாள்.

"அது உன்ன ஏமாத்துறதுக்கு வாங்குனது."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்: "மூணு குட்டியாக்கா? மூணுமா பொழச்சுச்சு?"

குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். நம் பிள்ளைகள் நம்மை மாதிரியே வரவேண்டும் என்று எவ்வளவு மெனக்கெடுகிறோம்! வந்தால் போதாதா?

அதற்குள் கைக்குழந்தை என் புதுப் புடவையை நனைத்துவிட்டான். அதற்கு யாருமே மன்னிப்புக் கேட்கவில்லை!